உருட்டு

1

போன சனிக்கிழமை என் சட்டையில் ஒரு வில்லை குத்திவிட்டார்கள். பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. அதில் ஒரு லாரியும் அதன் பின்னால் ஒரு பச்சை இலையும் பொறித்திருக்கிறார்கள். டீசலைச் சிக்கனமாகச் செலவழித்து ஓட்டுகிறவன் என்று அதற்கு அர்த்தமாம். இங்கே கனடாவில், பிராம்ப்டன் பக்கம், சொந்த லாரி வைத்து ஓட்டுகிற நாற்பது பேர் சேர்ந்து ஒரு சின்னச் சங்கம் வைத்திருக்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை எல்லோருடைய வண்டியின் கணிப்பொறிக் கணக்கையும் எடுத்துப் பார்த்து, குறைவாகக் குடித்த வண்டிக்காரருக்கு இந்த வில்லையைக் கொடுப்பார்கள். குடித்தது என்றால் டீசலைச் சொல்கிறேன்.

வில்லை வாங்கினால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பேசினேன். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் அங்கேயே காலை எடுத்துவிடுவேன், ஏனென்றால் பிரேக் மிதிப்பது எரித்த டீசலைத் திரும்ப ரோட்டில் கொட்டுவது மாதிரி. நெடுஞ்சாலையில் தொண்ணூற்றைந்தைத் தாண்டுவதில்லை. திங்கள்தோறும் எல்லா டயருக்கும் காற்றுப் பார்ப்பேன். உறையவைக்கிற குளிர் இல்லாவிட்டால், சாப்பிடும்போது எஞ்சினை ஓடவிட மாட்டேன். இறக்கத்தில் கியரிலிருந்து வண்டியை எடுப்பதே இல்லை. எழுதி வைத்ததைத்தான் வாசித்தேன். தடுமாறாமல் வாசித்துவிட்டேன்.

சங்கத்தை நடத்துகிற குர்தீப் நல்ல மனிதர். என்னைப் பெருமைப்படுத்த நினைத்து ஒரு கேள்வி கேட்டார். “நீ மலைநாட்டுக்காரன். உங்கள் ஊர் இறக்கங்களில் எப்படி ஓட்டுவீர்கள், அதையும் சொல்.”

“எப்போதும் கியரில்தான். எஞ்சினை நிறுத்தவே மாட்டோம். முதல் நாளிலிருந்து எனக்கு அதுதான் பழக்கம்” என்றேன். கைதட்டினார்கள்.

குன்னூர், மஞ்சூர் பக்கத்தில் தேயிலை விலை விழுந்த வருடங்களில் ஸ்டியரிங் பிடித்த யாராவது இதைப் படித்தால், இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். அவர்களுக்கும் தெரியாத ஒன்று மிச்சம் இருக்கிறது.

2

பேச்சை எனக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது என் மகள் நிலா. பதினேழு வயது, இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டே வந்தவள், இறக்கத்தைப் பற்றிச் சொன்ன இடத்தில் நிறுத்தினாள்.

“இது யார் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது? அவங்க நேம் போட்டா நல்லா இருக்கும்ப்பா.”

“யாருமில்ல. அனுபவம்தான்” என்றேன். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

அவளுடைய தமிழ் எங்களிடமிருந்து வந்தது பாதி. மீதி, செல்போனில் பார்க்கிற அரை நிமிடப் படங்களிலிருந்து வந்தது. அந்த மீதியில் எனக்குத் தெரியாத சொற்கள் நிறைய. நீலகிரியை அவள் ‘உங்க மலை’ என்றுதான் சொல்வாள். ஊட்டி என்றால் அவளுக்குச் சாக்லேட். மஞ்சூர் என்றால் அத்தை இருக்கிற ஊர், பஸ்ஸில் போனால் வாந்தி வருகிற ஊர்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நிலாவும் வந்திருந்தாள். வீடு திரும்பி, வில்லையைக் கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்தேன். பெருமை ஏறியிருந்தது, வாய் சும்மா இருக்கவில்லை. “எங்கூர்ல நான் உருட்டுல பேர் போனவனாக்கும்” என்று சொல்லிவிட்டேன்.

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சோற்றை விழுங்க முடியாமல் இருமினாள்.

“அப்பா! உருட்டுன்னா என்னன்னு தெரியுமா? பொய் விடறது. சும்மா அடிச்சு விடுறான்ல, அவனைத்தான் உருட்டுறான்னு சொல்வாங்க.”

“அது உங்க போன்ல. எங்கூர்ல உருட்டுன்னா வண்டிய எஞ்சின் ஆஃப் பண்ணி எறக்கத்துல விடறது” என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்ப இன்னைக்கு மீட்டிங்ல, எஞ்சினை ஆஃப் பண்ணவே மாட்டோம்னு சொன்னீங்களே?”

நான் சோற்றைப் பிசைந்தேன்.

“அப்ப அதுவும் உருட்டுதானா!” என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன். வில்லையை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டேன்.

3

எங்கள் அப்பா அன்னூர்ப் பக்கத்திலிருந்து மஞ்சூருக்கு வந்து மளிகைக் கடை வைத்தவர். கடையில் எனக்கு மனசு ஒட்டவில்லை, லாரிக்குப் போனேன். தேயிலைத் தூள் மூட்டையை மேட்டுப்பாளையத்துக்கு இறக்குவோம். திரும்பும்போது அரிசி, உரம், எது கிடைக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு வருவோம். அக்கா வீட்டுக்காரர் சுந்தரம் மச்சானும் ஒரு லாரி வைத்திருந்தார். இரண்டு வண்டியும் பெரும்பாலும் சேர்ந்தே போகும்.

பிறகு விலை விழுந்தது. பச்சை இலையைப் பறிக்கிற கூலிகூடத் தேறாமல், பக்கத்து ஊரான பிக்கட்டியில் சிலர் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடி ஆள் உயரம் வளர்ந்து நின்றது. ஃபேக்டரிகள் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடின. லோடுக்கு லாரிகள் வரிசையில் காத்துக் கிடந்தன. வாடகை எங்கள் கையில் இல்லை, டயர் விலை எங்கள் கையில் இல்லை. எங்கள் வலது கால் ஒன்றுதான் எங்கள் கையில் இருந்தது. அதை வைத்து டீசலை மிச்சம் பிடிக்கப் பார்த்தோம்.

உருட்டு அப்படித்தான் வந்தது. அந்தக் கால லாரியில் எஞ்சினை நிறுத்த ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். ஸ்டாப்பர் என்போம். அதை வெளியே இழுத்தால் டீசல் அடைபட்டு எஞ்சின் நின்றுவிடும். உள்ளே தள்ளினால்தான் மறுபடி ஓடும். குன்னூர் தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் நியூட்ரலில் போட்டு ஸ்டாப்பரை இழுத்துவிடுவோம். வண்டி தன் கனத்தில் உருளும். லாரியின் பிரேக் காற்றில் வேலை செய்வது. எஞ்சின் ஓடினால்தான் காற்று ரொம்பும். அது நின்றுவிட்டால், தொட்டியில் இருக்கிற காற்று ஒவ்வொரு மிதிக்கும் குறைந்துகொண்டே வரும். காற்றின் அளவைக் காட்டுகிற முள் கீழே வரும்போது, வேகம் அடங்கிய இடமாகப் பார்த்து ஸ்டாப்பரைத் தள்ளி, கியர் போட்டு, கிளட்ச்சை விட்டு எஞ்சினை எழுப்புவோம். காற்று ரொம்பியதும் மறுபடி நிறுத்துவோம்.

விலை வீழ்ச்சியால்தான் இப்படிச் செய்தோம் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் மாதத்துக்கு அது உண்மை. அதற்கப்புறம் அது பந்தயமாகிவிட்டது. குன்னூரிலிருந்து அடிவாரத்துக் கல்லாறு போய்ச் சேர்வதற்குள் எத்தனை தடவை எழுப்பினாய் என்பதுதான் வழியில் பர்லியார் டீக்கடையில் பேச்சு. குறைவாக எழுப்பியவன் கெட்டிக்காரன். மச்சானுக்கு நான்கு. எனக்கு இரண்டு. அந்த இரண்டை யாரும் தொட்டதில்லை. லோடு இல்லாமல், கடன் கேட்டு, தலை குனிந்து நடந்த காலம் அது. எனக்குத் தலை நிமிர்ந்து நிற்க அந்த ஒரு இடம்தான் இருந்தது. அந்த இரண்டை நான் விடத் தயாராக இல்லை.

எங்கள் எல்லோருக்கும் பிரேக் வேலை பார்த்தவர் ராசையா அண்ணன். குன்னூரிலிருந்து அருவங்காடு போகிற வழியில் தகரம் வேய்ந்த பட்டறை. சிலோனிலிருந்து தாயகம் திரும்பி வந்த குடும்பம். அங்கே ஹட்டன் பக்கம் எஸ்டேட் லாரிகளில் வேலை பழகியவர். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பிரேக் வேலை முடித்தால் உடனே கூலி வாங்க மாட்டார். அதே வண்டியில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, குன்னூருக்குக் கீழே இறக்கத்தில் இருக்கிற காட்டேரி வரைக்கும் வருவார். கண்ணை மூடிக்கொண்டு சக்கரச் சத்தம் கேட்பார். திருப்தியானால் அங்கே இறங்கி, கூலியை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பிப் போவார்.

உருட்டு அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒருநாள் என்னைப் பட்டறையில் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

“தம்பி, நீங்க எல்லாம் பெருமையாக் கதைக்கிறீங்க. எஞ்சின் ஓடுனாத்தான் காத்து. ரொப்பி வச்ச காத்து எத்தன மிதிக்கு வரும்? இன்னொண்ணும் கேளுங்க. கியர்ல போட்டு, ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு எறங்குனா, பம்ப் தானா டீசல நிப்பாட்டிரும். வண்டிதான் எஞ்சினச் சுத்தும். நீங்க ஒண்ணும் மிச்சம் பிடிக்கல.”

“ஏனுங்கண்ணா, எஞ்சின் சுத்திக்கிட்டே இருக்குதாமா, டீசல் மட்டும் குடிக்காதுங்களாமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தேன். பட்டறையில் நின்ற மற்ற டிரைவர்களும் சிரித்தார்கள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

4

மச்சானின் வண்டிக்கு ராசையா அண்ணன் நான்கு சக்கரத்துக்கும் புது லைனிங் போட்டு, காட்டேரி வரை கூட வந்து, சரி என்று சொல்லி இறங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. வெயில் அடித்த காலை நேரம். குன்னூரில் இரண்டு வண்டியையும் ஓரம் கட்டி டீ குடித்தோம்.

“இன்னிக்கு ஒரே எழுப்புத்தான் மாப்ள. நீ பொறகால வந்து எண்ணிக்க” என்றார் மச்சான்.

அந்த இடத்தில் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். லோடு முழுசாக இருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: “நீங்க மூணுக்குக் கீழ வரமாட்டீங்க மச்சான். வந்தா நான் லாரி ஓட்டறதையே உட்டுடறேன்.”

அவர் முகம் சிவந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய் வண்டியில் ஏறினார்.

காட்டேரி தாண்டியதும் அவர் வண்டியில் புகை நின்றது. உருட்டு ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தது. நானும் நிறுத்தினேன். ஒரு தடவை எழுப்பினார். அதற்குப் பிறகு வெகுதூரம் எழுப்பவே இல்லை. பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் பஸ் ஒன்று ஏறி வந்தது. அதற்காக மிதித்தார். அடுத்து ஒரு காருக்காக மிதித்தார். பின்சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. நான் எண்ணிக்கொண்டு வந்தேன், இப்போது எழுப்பத்தான் வேண்டும் என்று சந்தோஷப்பட்டேன். அதன் பிறகு அந்தச் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. மிதித்தபடியே இருக்கிறார், வண்டி மட்டும் வேகம் எடுக்கிறது. காற்று தீர்ந்துவிட்டது. வேகம் ஏறிய வண்டியில் கியர் விழாது. கியர் விழாமல் எஞ்சினை எழுப்ப முடியாது.

பள்ளத்தின் பக்கம் விடாமல் மலைப்பக்கம் ஒடித்தார். அந்த நேரத்திலும் அந்தப் புத்தி அவருக்கு இருந்தது. பாறையில் மோதி, சாக்கடைக் குழியில் சாய்ந்து நின்றது வண்டி. மூட்டைகள் கிழிந்து ரோடு முழுக்கத் தூள். நான் என் வண்டியை எழுப்பி நிறுத்திவிட்டு ஓடினேன். கேபின் கதவு திறந்து தொங்கியது. மச்சானுக்கு நினைவு இருந்தது, முனகினார். இடது கால் உள்ளே நசுங்கியிருந்தது.

அந்தக் காலை நான் முதலில் பார்க்கவில்லை. ஸ்டாப்பரைப் பார்த்தேன். குமிழ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. மச்சான்கூடச் சொல்லவில்லை. என் கை தானாகப் போய் அதை உள்ளே தள்ளிற்று. அதற்குப் பிறகுதான் “மச்சான், மச்சான்” என்று கத்தினேன்.

மச்சானைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று பிறகு நினைத்துக்கொண்டேன். குமிழ் வெளியே இருந்திருந்தால் உருட்டு என்று தெரிந்திருக்கும். உருட்டு என்று தெரிந்தால், மலையில் எல்லோரும் முதலில் சொல்லியிருக்கக்கூடிய பெயர் என்னுடையது. அந்த ஒரு நொடியில் எனக்கு அதுதான் தோன்றியிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

5

வண்டியைப் பார்க்க அதிகாரி வந்தபோது, மோதியதில் காற்றுக் குழாய்கள் எல்லாம் பிய்ந்து கிடந்தன. ஸ்டாப்பர் உள்ளே இருந்தது. டிரைவர் பிரேக் பிடிக்கவில்லை என்கிறார். பிரேக் கோளாறு என்று எழுதிக்கொண்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

மச்சானுக்குக் கோயமுத்தூரில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். குமிழைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், அதோடு சரி.

ஊரில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. போன வாரம்தான் பிரேக் வேலை பார்த்த வண்டியாம், யார் பார்த்தது, ராசையா. ‘சிலோன்காரன் பிரேக்’ என்று ஒரு சொல்லே உண்டாகிவிட்டது. எதுவும் சரியாகப் பிடிக்காவிட்டால், சைக்கிளாக இருந்தாலும், அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் கூட நின்றிருக்கிறேன். சிரித்தேனா என்று நினைவில்லை. சிரிக்காமல் இருந்திருந்தால் நினைவிருக்கும்.

ஒரு மாதம் கழித்து அவர் பஸ் ஏறி மஞ்சூருக்கு, எங்கள் வீட்டுக்கே வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. வாசலில் நின்றபடி கேட்டார்.

“தம்பி, நீங்கதான் மொதல்ல வண்டிக்கிட்ட போனது. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. ஸ்டாப்பர் உள்ள இருந்துச்சா, வெளிய இருந்துச்சா?”

“உள்ளதானுங்கண்ணா இருந்துச்சு” என்றேன்.

“நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்தனுங்க.”

அவர் என்னோடு சண்டைக்கு நிற்பார் என்று எதிர்பார்த்தேன். நீயும் உன் மச்சானும் உருட்டுக்காரர்கள் என்று திட்டுவார் என்று நினைத்தேன். அதற்குப் பதில் சொல்லத் தயாராகவும் இருந்தேன். அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

“அப்ப என் கைதான்” என்றார்.

டீ போடச் சொல்கிறேன் என்றேன். பஸ் போயிரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் என்னை நம்பிவிட்டார். ஊர் பேசியதை அவர் பொருட்படுத்தியிருக்கவில்லை. என் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததும் எடுத்துக்கொண்டுவிட்டார். அடுத்த லோடுக்குப் போகும்போது பார்த்தேன். பட்டறைப் பலகையில் ‘பிரேக், கிளட்ச் வேலை செய்யப்படும்’ என்று இருந்ததில் ‘பிரேக்’ என்ற சொல்லின் மேல் தார் பூசியிருந்தது. ஊர்க்காரர்கள் யாராவது பூசியிருப்பார்கள் என்று நினைத்து விசாரித்தேன். அவரே பூசினாராம். வருகிற ஓரிரண்டு பேரையும், பிரேக் என்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுகிறாராம். ஒரு வருடத்தில் பட்டறையை மூடினார். கோயமுத்தூரில் ஏதோ மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

6

நானும் லாரியை விற்றேன். நர்ஸ் வேலை பார்க்கிற பெண்ணைக் கட்டினேன், அவளுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது, கூடவே வந்தேன். கிடங்கில் பெட்டி தூக்கினேன், பீட்சா கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசியில் தெரிந்த தொழிலுக்கே திரும்பலாம் என்று கனரக வாகன உரிமத்துக்கு எழுதிப் போட்டேன்.

ஊரில் ஓட்டியதற்குச் சான்று கேட்டார்கள். அக்கா ஊட்டிக்கும் மஞ்சூருக்கும் ஆறேழு தடவை அலைந்தாள். ஒரு முத்திரை இல்லை என்று இங்கே திருப்பினார்கள். பெயரின் கடைசி எழுத்து பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, உரிமத்தில் ஒரு மாதிரி என்று மறுபடி திருப்பினார்கள். எட்டு மாதம் கழித்துக் காகிதம் சரியாக வந்தது. ‘எந்த விபத்திலும் சம்பந்தப்படாதவர்’ என்று ஒரு வரி அதில் இருந்தது. சட்டப்படி அது உண்மைதான். அந்த வரியை இரண்டு மூன்று தடவை படித்துவிட்டு, மடித்துக் கவருக்குள் வைத்தேன்.

பயிற்சி வகுப்பில் எங்களுக்குப் பாடம் எடுத்தது ஐம்பது வயதிருக்கிற ஒரு பெண்மணி. சிக்கன ஓட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது கரும்பலகையில் ஒரு சரிவு வரைந்தார். இறக்கத்தில் கியரிலேயே விட்டுக் காலை எடுத்துவிட்டால் எஞ்சினுக்கு டீசல் போகாது, சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றும் என்றார். நான் கையைத் தூக்கி, பழைய வண்டிகளில், கணிப்பொறி இல்லாத வண்டிகளில் எப்படி என்று கேட்டேன். பழைய பம்ப்பிலும் அதே கதைதான், அதிலும் அடைத்துக்கொள்ளும் என்றார். என் காது இரண்டும் சூடாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவன், உடம்பு சரியில்லையா என்று கேட்டான். நாங்கள் ஒன்றும் மிச்சம் பிடிக்கவில்லை. ராசையா அண்ணன் தகரக் கொட்டகையில் சொன்னதை, பணம் கட்டி, குளிரில் நின்று, இன்னொரு மொழியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

காற்று பிரேக் பரீட்சை அதைவிட மோசம். எஞ்சினை நிறுத்திவிட்டு, பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்கச் சொல்வார்கள். முள் எங்கே வரும்போது எச்சரிக்கைச் சத்தம் வருகிறது, எங்கே காற்று பத்தாமல் போகிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மிதித்தேன். முள் இறங்கியது. மறுபடி மிதித்தேன். நின்றுகொண்டிருக்கிற வண்டிதான், சமதரைதான். ஆனாலும் என் கை அங்கே இல்லாத ஸ்டாப்பரைத் தேடியது. “சத்தமாகச் சொல்லுங்கள், நான் கேட்க வேண்டும்” என்றார் பரீட்சை எடுத்தவர். எனக்கு வந்த ஒரே சொல் தமிழில்தான் வந்தது. “காத்து போச்சு” என்றேன். “மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டார். அன்று தேறவில்லை. இரண்டாம் தடவை தேறினேன்.

அதன் பிறகு நான் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டரும் ராசையா அண்ணன் சொன்னபடிதான். இங்கே வடக்கே சட்பரிக்குப் போகிற வழியில் ஏற்ற இறக்கம் அதிகம். ஒவ்வொரு இறக்கத்திலும் கியரில் விட்டு, காலை எடுக்கிறேன். திரையில் டீசல் செலவு பூஜ்யம் என்று காட்டும். அந்தப் பூஜ்யத்துக்குத்தான் வில்லை. நிலா அந்தப் பெயரைக் கேட்டபோது, யாருமில்லை என்று சொன்னேன்.

7

மச்சான் போன வருடம் சர்க்கரை நோய் முற்றிப் போய்ச் சேர்ந்தார். அவர் உயிரோடு இருக்கிற வரைக்கும் எனக்கு ஒரு சாக்கு இருந்தது. உண்மையைச் சொன்னால் அவரைக் காட்டிக்கொடுத்தது மாதிரி ஆகும் என்று. அந்தச் சாக்கும் இப்போது இல்லை.

சனிக்கிழமை நிலா சிரித்ததற்கு அடுத்த நாள் காலையில் அக்காவைக் கூப்பிட்டேன். ஸ்டாப்பரைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. மச்சான் எப்போதோ சொல்லியிருக்கிறார்.

“எதுக்குச் சாமி இப்பப் போயிக் கெளறுற? போனவரு போயிட்டாரு. அந்த மனுசனும் எத்தன வருசம் ஆச்சோ, மறந்திருப்பாரு” என்றாள்.

“அவரு நம்பர் கெடைக்குமாக்கா?”

எதற்கு என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம், “குன்னூருக்கே திரும்பி வந்துட்டாரு, மகன் ஊட்டோட இருக்காரு. வாங்கி அனுப்பறேன். என்ற ஊட்டுக்காரரப் பத்தி ரொம்பப் பேசாத” என்றாள்.

இரண்டு நாளில் நம்பர் வந்தது. இங்கே காலை, அங்கே சாயங்காலம். நான் சமையலறையில் நின்றுகொண்டு கூப்பிட்டேன். அவரே எடுத்தார். யார் என்று சொன்னதும் குரலில் ஒரு சந்தோஷம்.

“மஞ்சூர்த் தம்பியா! வெளிநாட்டுல லாரி ஓட்டுறீங்களாமே. நல்லது. கியர்ல எறங்குறீங்களா?”

“ஆமாங்கண்ணா, கியர்லதானுங்க” என்றேன். எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துவிட்டது. “அண்ணா, அந்த ஸ்டாப்பர் வெளியதானுங்க இருந்துச்சு. நாந்தான் உள்ள தள்ளினேன்” என்று மெதுவாகச் சொன்னேன்.

“காது சரியா விளங்காது தம்பி. சத்தமாச் சொல்லுங்க.”

“ஸ்டாப்பர் வெளிய இருந்துச்சுங்கண்ணா.”

“என்னது? இன்னும் சத்தமா.”

கத்தினேன். “மச்சான் உருட்டிக்கிட்டு வந்தாருங்கண்ணா! காத்து தீந்து போச்சு! ஸ்டாப்பர் வெளிய இருந்துச்சு! நாந்தான் உள்ள தள்ளினேன்! உங்ககிட்டப் பொய் சொன்னேன்! உங்க பிரேக்குல ஒரு கோளாறும் இல்லீங்க!”

மாடியிலிருந்து நிலா இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றாள். ஸ்டாப்பர் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது, ஆனால் பொய் என்ற சொல் தெரியும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் போகச் சொல்லவில்லை.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரையோ கூப்பிட்டார்.

“செல்லம்மா, இங்க வா. அடுப்ப அப்புறம் பாக்கலாம், வா.”

ஒரு வயதான பெண்ணின் குரல் ஏதோ கேட்டது.

“மஞ்சூர்த் தம்பி ஒண்ணு சொல்றாரு. நீயும் கேளு” என்றவர், என்னிடம் திரும்பினார். “தம்பி, ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். இன்னொருக்கா சொல்லுங்க. மொதல்ல இருந்து. அவளுக்கு நல்லா விளங்கணும்.”

முதலிலிருந்து சொன்னேன். குன்னூரில் டீ குடித்தபோது மச்சானைச் சீண்டியதையும் சொன்னேன். இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை.

“கேட்டியா?” என்று அவர் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது. “என் கை இல்லையாம்.”